மைக்கில் நான் சொல்லாமல் விட்ட பெயர்

போன வாரம் நம் மீன்வளத் துறை சார்பில் நீங்கள் நடத்திய விழிப்புணர்வு முகாமில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகப் பேசினீர்கள். எங்கள் காலத்தில் சார்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒப்பித்ததைவிட எவ்வளவோ மேல். முகாம் முடிந்ததும் ஒரு பெண் எழுந்து வந்து, "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுபுடுறேன் மேடம்" என்றாள். உங்களில் ஒருத்திக்கு முகமெல்லாம் பூரிப்பு. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். பாவம், அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. வெயில் இல்லை கண்ணுகளா, அந்தப் பெண் சொன்ன அந்த ஒரு வரிதான்.

அதே வரியை அதே சந்தோஷத்தோடு என்னிடம் சொன்ன இன்னொருத்தியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். குளத்துக்குச் சுண்ணாம்பு எவ்வளவு, குஞ்சு எத்தனை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கண்மாய். தண்ணீர் வற்றி நடுவில் குட்டையாக நிற்கும்போது அந்த ஊரில் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். சுற்றுப்பட்டி சனமெல்லாம் வலை, மீன் மேல் கவிழ்த்து அமுக்குகிற ஊத்தாக் கூடை, பழைய சேலை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு கரையில் வந்து நிற்கும். ஊர்த்தலைவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசினால் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். பிடித்த மீனை விற்கக் கூடாது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவும் கூடாது. போனால் அந்த வருஷம் மழை பெய்யாது என்பார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்புதான்.

நாம் நோட்டீஸ் அடித்துக் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவதே பெரிய பாடு. இங்கே கூட்டம் தானாக வருகிறது. அதனால் கரையில் ஒரு பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, குஞ்சு மீனைப் பிடிக்காதீர்கள், தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்காதீர்கள் என்று பேச நான் ஏற்பாடு செய்திருந்தேன். பேனர் கட்டுகிற ஆளோடு காலையில் போய் இறங்கினால், கரை நெடுக சனம். கன்னிவாடிப் பக்கத்திலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"மேடம், சாமியே மீனை மேல அனுப்பிருச்சு!" என்றார் ஊர்த்தலைவர். தோளில் சலவை செய்த வெள்ளைத் துண்டு. "இந்த வருசம் வலையே வேணாம் போலருக்கு. கையில அள்ளிக்கிரலாம்."

பார்த்தேன். தண்ணீர் முழுக்க மீன். சில வட்டம் அடித்தன, சில துள்ளி விழுந்து மல்லாந்தன. ஓரத்தில் ஒதுங்கியதை ஒரு சிலர் ஏற்கனவே அள்ளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். இறங்கினால்தானே குற்றம், தானாகக் கரைக்கு வந்ததை எடுத்தால் என்ன என்று நியாயம் வேறு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்த ஆய்வாளர் ஒருவர் உண்டு. எரிந்து விழுகிற மனுஷன். "மீன் சாகிற குளத்துல எல்லாரும் பெரிய மீனைத்தான் பாப்பாங்க. நீ பொடிசைப் பாரு, தவளையைப் பாரு" என்று கத்துவார். தண்ணீரில் காற்று குறைந்தால் பெரிய மீன்தான் முதலில் திணறும். பொடிசு தப்பிக்கும். விராலுக்கு ஒன்றும் ஆகாது, அது மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும்.

நான் பார்த்த ஓரத்தில் பொடி மீன் தவிடு மாதிரி ஒதுங்கிக் கிடந்தது. அதன் நடுவே தலைப்பிரட்டைகள். இரண்டு தவளை. பக்கத்தில் என் கை நீளத்துக்கு ஒரு விரால், வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு.

காற்று குறைந்து செத்த குளம் இல்லை இது, விஷம். இத்தனை வருஷ சர்வீஸில் செத்த குளம் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் செத்த குளத்தைச் சுற்றி இவ்வளவு பேர் சட்டியோடு, குழந்தை குட்டியோடு சிரித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை.

தலைவரைத் தனியாகக் கூப்பிட்டு, "துண்டை வீசிராதீங்கய்யா. தண்ணியில ஏதோ மருந்து கலந்திருக்கு. எனக்குச் செத்த நேரம் குடுங்க" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மேலதிகாரிக்குப் போன் போட்டேன். தண்ணீரை மாதிரிக்கு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், முடிவு தெரிகிற வரைக்கும் மைக்கில் எதுவும் சொல்லாதீர்கள் என்றார். விதிப்படி அது சரிதான். ஆய்வக முடிவு வரும்வரைக்கும் இந்தக் கூட்டம் கரையில் கைகட்டி நிற்குமா என்று யாரிடம் கேட்பது? பொடி மீன் எந்தப் பக்கம் கெட்டியாகக் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே கரையோரம் நடந்தேன். போகப் போக அதிகமானது. வரத்து வாய்க்கால் வந்து சேருகிற இடத்தில் தண்ணீரே தெரியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோடையில், வற்றிய கண்மாய்க்கு, யார் விட்ட தண்ணீர்?

வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். மல்லிகைத் தோட்டம். மோட்டார் ஓடுகிற சத்தம். தோட்டத்து முனையில் ஒரு குழி. பூவுக்கு மருந்து அடித்துவிட்டு டிரம்மையும் தெளிப்பானையும் கழுவி ஊற்றுகிற குழி. எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். மோட்டார் தண்ணீர் அந்தக் குழிக்குள் விழுந்து, ரொம்பி, வழிந்து, வாய்க்காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாடை மூக்கில் அறைந்தது.

மோட்டார் ரூமிலிருந்து பஞ்சவர்ணம் வெளியே வந்தாள். மகளிர் குழுத் தலைவி. என் பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவாள். சந்தேகம் கேட்பாள், மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வாள். இப்படி ஊருக்கு ஒருத்தி இருந்தால் நமக்கு வேலையே இல்லை என்று ஆபீஸில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"மேடம்! வந்துட்டீகளா!" என்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன். வெள்ளன வந்து பாத்தா பெரிய பெரிய கட்லாவெல்லாம் வாயத் தொறந்து தொறந்து மூடுது. அடியாத்தி, திருவிழாவுக்குள்ள செத்துப் போயிருமேன்னு ஓடியாந்து மோட்டாரைப் போட்டுட்டேன். புதுத் தண்ணி விடச் சொன்னீகள்ல? இன்னும் ஓடுது பாருங்க."

நான் சொன்னதுதான். விடியற்காலையில் மீன் வாயைத் திறந்து திணறினால் தண்ணீரில் காற்று குறைந்திருக்கிறது, உடனே புதுத் தண்ணீர் விடுங்கள். பாடப் புத்தகத்தில் இருப்பது. அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள். போர்வெல் தண்ணீர் சுத்தமானது. அது வருகிற வழியைப் பற்றி அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மருந்துக் குழி அவள் தினமும் தாண்டிப் போகிற இடம், அவள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

"மோட்டாரை நிப்பாட்டும்மா" என்றேன். நிறுத்தினாள். குழியைக் காட்டினேன். அவளே குழியைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், கண்மாய்ப் பக்கம் திரும்பினாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"முந்தாநேத்துத்தான் மொட்டுப் புழுவுக்கு மருந்து அடிச்சோம்" என்றாள். "அப்ப நாந்தான் கொன்னுபுட்டேனா மேடம்?"

பதில் சொல்ல நேரமில்லை. கண்மாய்ப் பக்கம் ஒரு கூச்சல். "நீ இங்கயே இரு, வராதே. நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என்னால் முடிந்த மட்டும் ஓடினேன்.

பந்தலுக்கு முன்னால் காதர் பாயைப் பிடித்து வைத்திருந்தார்கள். திண்டுக்கல் நாகல் நகரில் மீன் கடை வைத்திருக்கிறவர். அந்தக் கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை, மீன்பாசிக் குத்தகையை, பல வருஷமாக எடுத்து வந்தவர். அந்த வருஷம் குத்தகையை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டார். திருவிழா வைக்க வேண்டும் என்று ஊர் மறுத்துவிட்டது. அதில் இரண்டு தரப்புக்கும் வாய்ச்சண்டை. அன்று விடிகாலையில் தன் வலைகளையும் காவல் கொட்டகைச் சாமான்களையும் ஏற்றிப் போகச் சரக்கு ஆட்டோவில் வந்திருக்கிறார். அவரைக் கண்மாயில் பார்த்தவர்கள் இருந்தார்கள். தலைவரிடம் நான் மெதுவாகச் சொன்ன 'மருந்து' என்ற வார்த்தை அதற்குள் கரை முழுக்கச் சுற்றி, "பாய் மருந்தை ஊத்திட்டான்" என்று ஆகியிருந்தது.

"ஏலே, குத்தகை குடுக்கலேன்னா ஊர் சனத்துக்கே வெசம் வைப்பியாலே?" தலைவர்தான். பாயின் சட்டைக் காலர் அவர் பிடிக்குள். சட்டை தோளில் கிழிந்திருந்தது. ஒருவன் ஊத்தாக் கூடையை ஓங்கிக்கொண்டு நின்றான். நாலைந்து பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய மனுஷன், "நான் வலை எடுக்க வந்தேன்ப்பா, அல்லா மேல ஆணையா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மைக்கை எடுத்தேன். மேலதிகாரி சொன்னதெல்லாம் எங்கே போனதோ. "யாரும் மீனைத் தொடாதீங்க. தொட்டவங்க கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. யாரும் மருந்து ஊத்தலை. தோட்டத்துல மருந்து டிரம் கழுவுற குழித் தண்ணி, வாய்க்கால் வழியாக் கண்மாயில கலந்திருச்சு. பாயை விடுங்க. நான் போய் என் கண்ணால பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"எந்தத் தோட்டம்?" என்று ஒரு குரல். "வாய்க்கால்ல தண்ணி எப்படி வந்துச்சு? கோடையில யாரு தொறந்து விட்டா?" என்று இன்னொன்று.

எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்தவளின் முகம் கண்ணுக்குள் நின்றது. இந்தக் கூட்டத்துக்கு அவள் பெயரைக் கொடுத்தால் அவள் இந்த ஊரில் எப்படி நடமாடுவாள் என்று நினைத்தேன். "அது இப்ப முக்கியமில்லைங்க" என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிட்டது. "மேடம் பாயைக் காப்பாத்தக் கதை கட்டுது" என்றான் ஒருவன். "அம்புட்டும் தெரிஞ்ச மேடத்துக்குத் தோட்டம் மட்டும் தெரியாதாக்கும்!" கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. பின்னால் நின்றவர்கள் முன்னால் தள்ள ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம், துண்டு வீசாமலே பத்து இருபது பேர் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். நான் சொன்னது பொய் என்றால் மீன் நல்ல மீன்தானே! பாய்க்கு அடியும் விழும், வீட்டுக்கு விஷமும் போகும். மைக் மட்டும் என் கையிலேயே இருந்தது. உண்மையில் ஒரு ஓட்டை விட்டால் சனம் அதற்குள் கைக்குக் கிடைத்த ஆளைப் போட்டு அடைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அவளுக்கு இரக்கப்பட்டது தப்பு என்று இன்றுவரை என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த இரக்கத்துக்கு அடி வாங்கியது நானில்லை.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். பஞ்சவர்ணம். முழங்கால் வரை சேறு. என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள், பிடுங்கினாள் என்றே சொல்ல வேண்டும்.

"நாந்தான் பஞ்சவர்ணம் பேசுறேன்" என்றாள். "மோட்டார் போட்டது நாந்தான். எந் தோட்டத்துத் தண்ணிதான். மீனு திணறுதேன்னு நல்லதுக்குத்தான் போட்டேன். மருந்துக் குழி வழியாப் போகுதுன்னு பாக்காம விட்டுட்டேன். வாய்க்காலை வெட்டி விட்டது எம் புருசன். போன் போட்டுக் கேட்டப்போ, 'போடு தாயி, புண்ணியமாப் போகும்'னு சொன்னது தலைவரு. தலைவரே, நீங்க சொன்னீகளா இல்லையா?"

நான் தலைவரைப் பார்த்தேன். காலையில் அவள் போன் செய்தது அவருக்கு அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் விட்டது புண்ணியம், மருந்து ஊற்றியது பாவம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. காலரைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. தண்ணீரில் இறங்கினவர்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு மேலே ஏறினார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று நான்தான் நினைத்திருந்தேன். ஒரு கிழவர் மட்டும், "அடிப்பாவி மகளே" என்று தலையில் அடித்துக்கொண்டார், அதிலும் கோபம் இல்லை.

பஞ்சவர்ணம் மைக்கை விடவில்லை. என் பக்கம் திரும்பி, "மேடம், வெள்ளன அள்ளிட்டுப் போனவுக வீட்டுல இந்நேரம் குழம்பு கொதிக்குமே!" என்றாள்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். நிஜமாகச் சொல்கிறேன், பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனையில் அந்த வீடுகள் என் நினைப்பிலேயே இல்லை.

"வண்டியில ஏறும்மா" என்றார் காதர் பாய். கிழிந்த சட்டையோடு போய் ஆட்டோவை எடுத்தார். வலை மூட்டைகளுக்கு மேல் ஒலிபெருக்கியை வைத்துக் கட்டினோம். பஞ்சவர்ணம் பின்னால் நின்றாள், நான் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைவர் இரண்டு மூன்று இளவட்டங்களை மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஊர்களுக்கு விரட்டினார்.

போகும்போது பாயிடம், "மன்னிச்சுக்கங்க பாய். எனக்கு அவ பேரு தெரியும். சொல்லாம நின்னுட்டேன்" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கும் தெரியும் மேடம். காலையில அந்தப் பொண்ணு மோட்டார் போட ஓடுனத நான் பாத்தேன். 'பாய், மீனைக் காப்பாத்திட்டேன்'னு சிரிச்சுட்டுப் போச்சு. நீங்க வாய்க்கால்னு சொன்னதுமே புரிஞ்சிருச்சு."

"அப்ப ஏன் பாய் சொல்லலை? உங்களை அடிக்கக் கை ஓங்கிட்டாங்களே!"

"நான் சொன்னா யாரு நம்புவா? தப்பிக்கிறதுக்காக ஒரு பொம்பளைப் பிள்ளை மேல பழி போடுறான்னு இன்னும் ரெண்டு விழும். அதோட, எனக்கென்ன, தப்பிச்சா நாகல் நகர் போயிருவேன். அது இங்கதான பொழைக்கணும்." கொஞ்ச தூரம் போனதும், "ஆனா நம்ம ரெண்டு பேரும் நல்லவங்களா நின்ன நேரத்துல எத்தனை வீட்டுல சோத்தைப் போட்டு உக்காந்தாங்களோ" என்றார்.

முதல் தெருவில் நான்தான் பேசினேன். "பொதுமக்களின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தேன். இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகப் போகிறது. ஒரு வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்று, ஏதோ அரசாங்க வண்டி என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பஞ்சவர்ணம் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஏ, நாந்தான் பஞ்சவர்ணம். கண்மாயில எந் தோட்டத்து மருந்துத் தண்ணி கலந்துபோச்சு. மோட்டார் போட்டது நாந்தான். சட்டியை இறக்குங்க. வாயில வைக்காதீக."

உள்ளே போன பெண்கள் திரும்ப ஓடிவந்தார்கள். அதில் ஒருத்தி, "நீயா அக்கா?" என்று கேட்டாள். "நாந்தான்டி" என்றாள் பஞ்சவர்ணம். அந்தப் பெண் அடுப்பிலிருந்து சட்டியைத் துணியோடு தூக்கி வந்து வாசலிலேயே கவிழ்த்தாள். மசாலாவும் மீனுமாகத் தெருவில் ஓடியது. நாய் வந்ததும் விரட்டிவிட்டு மண்ணை அள்ளி மூடினாள்.

ஒவ்வொரு தெரு முனையிலும் இதையேதான் சொன்னாள். ஒவ்வொரு இடத்திலும் முதலில் தன் பெயர், அப்புறம் தன் தோட்டம், அப்புறம்தான் மீன். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் சாப்பிட்டே முடித்திருந்தார். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவரை வலை மூட்டைகளைத் தள்ளிவிட்டு அதே ஆட்டோவில் ஏற்றி, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழி நெடுக அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் அழுதாள். பிழைத்துக்கொண்டார். அந்தச் செய்தியை நர்ஸ் வந்து சொன்னபோது பாய் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே மரத்தடியில் மூன்று பேரும் டீ குடித்தோம். பஞ்சவர்ணத்துக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "இதை நான் வகுப்புல சொல்லணும்மா. தண்ணி விடுறதுக்கு முன்னால அது வர்ற வழியைப் பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்லணும். உன் பேரை எடுத்துட்டுச் சொல்றேன், பயப்படாதே" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பேரை எடுத்துராதீக மேடம்" என்றாள், வராத குரலில். "எடுத்துட்டா எங்கயோ எவளோ செஞ்சான்னு கேட்டுட்டுப் போயிருவாக. பஞ்சவர்ணம்னே சொல்லுங்க. இன்னாருன்னு தெரிஞ்சாத்தான் சட்டியை இறக்குறாக."